ஒரு பாம்பா, இரண்டு பாம்பா? ஆஸ்பத்திரி போர்டில் இருக்கும் கோல் யாருடையது?

கேள்வி: பிப்ரவரி 9, 2025

எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரி போர்டில் ஒரு கோல், அதைச் சுற்றி இரண்டு பாம்பு, மேலே இறக்கை. 108 வண்டியில் பார்த்தால் ஒரே பாம்பு, இறக்கை கிடையாது. எது சரியான மருத்துவச் சின்னம்? அப்புறம், யோகம் சொல்லும் மூன்று நாடிகளில் நடுவில் இருக்கும் கோல் சுழுமுனை, இரண்டு பாம்பும் இடகலை பிங்கலை, நம்மிடமிருந்து வெளிநாட்டுக்காரன் எடுத்துக்கொண்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?

பிப்ரவரி 9, இரவு

108 வண்டியில் இருப்பதுதான் சரி. ஒரு கோல், ஒரு பாம்பு. அது கிரேக்கர்களின் மருத்துவக் கடவுள் அஸ்க்ளெப்பியஸ் கையில் இருக்கும் கோல். டாக்டர்கள் எடுக்கும் ஹிப்போகிராட்டஸ் உறுதிமொழியின் பழைய வடிவம், மருத்துவனான அப்போலோ மீதும், அவன் மகன் அஸ்க்ளெப்பியஸ் மீதும், ஹைஜியா, பனேசியா மீதும் ஆணையிட்டுத்தான் தொடங்குகிறது. ஹைஜியாவும் பனேசியாவும் அஸ்க்ளெப்பியஸின் மகள்கள். உலக சுகாதார நிறுவனம் 1948-ல் தன் சின்னத்தைத் தேர்ந்தெடுத்தபோது ஐ.நா. சின்னத்தின் நடுவில் வைத்ததும் இந்த ஒற்றைப் பாம்புக் கோலைத்தான்.

இரண்டு பாம்பும் இறக்கையும் உள்ளது ஹெர்மெஸின் கோல். ரோமர்கள் அவனை மெர்க்குரி என்பார்கள், கோலின் பெயர் கடூசியஸ். ஹெர்மெஸ் தேவர்களின் தூதன். வியாபாரிகள், வழிப்போக்கர்கள், திருடர்கள் எல்லோருக்கும் அவன்தான் காவல் தெய்வம். செத்தவர்களின் உயிரைப் பாதாளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவனும் அவனே. ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டிய ஆளா, நீங்களே சொல்லுங்கள்.

பிப்ரவரி 10

இடகலை பிங்கலை விஷயத்தை நேற்று விட்டுவிட்டேன். அது உண்மை இல்லை. படத்தில் ஒற்றுமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஹெர்மெஸின் கோல் கிறிஸ்துவுக்கு 500 வருடம் முந்திய கிரேக்கக் குடுவை ஓவியங்களிலேயே இருக்கிறது. அந்தப் பழைய வடிவத்தில் தண்டின் உச்சியில் மேல்பக்கம் திறந்த 8 மாதிரி ஒரு வளைவுதான் பெரும்பாலும் இருக்கும். அது தெளிவான பாம்புகளாக மாறியதும் இறக்கை முளைத்ததும் பின்னால். இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று விரிவாகப் பேசும் யோக நூல்கள், நம் திருமந்திரம் உட்பட, அந்தக் குடுவைகளுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை.

இன்னும் பின்னால் போக வேண்டும் என்றால் இந்தியாவுக்குப் போகக் கூடாது, மெசொப்பொட்டேமியாவுக்குப் போக வேண்டும். லகாஷ் நகரத்து அரசன் குடேயா நிங்கிஷ்ஜிதா என்ற கடவுளுக்குக் காணிக்கை கொடுத்த ஒரு கல் குடுவை பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 4,000 வருடத்துக்கு மேற்பட்டது. அதில் ஒரு தண்டைச் சுற்றி இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிற்கின்றன. படத்தைத் தேடிப் பாருங்கள், அசந்து போவீர்கள். அங்கிருந்து கிரேக்கத்துக்கு வந்திருக்கலாம் என்று நூறு வருடத்துக்கு முன்பே அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த வாட்ஸ்அப் செய்தியில் எனக்கு இன்னொரு வருத்தம். சுழுமுனை கதை ஒட்டுவது இரண்டு பாம்புக் கோலோடு. மருத்துவத்தின் கோல் அதுவே இல்லை. அப்படியானால் நாம் உரிமை கொண்டாடிச் சண்டை போடுவது தப்பான படத்துக்காக.

பிப்ரவரி 10, பின்னிரவு

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டாக்டர் இல்லை. டிடிபி, ஆஃப்செட் வேலை. எங்கள் கடையில் பாதி வருமானம் மருத்துவர்களிடமிருந்து வருகிறது. மருந்துச் சீட்டு, ஃபைல் கவர், லேப் ரிப்போர்ட் தாள், மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் கவர், வாசல் போர்டுக்கு ஃபிளக்ஸ், எல்லாம் செய்கிறோம். இந்தப் பாம்புகளோடு பழக்கம் அங்கிருந்து வந்தது. படிப்பெல்லாம் அதற்கு அப்புறம்.

பிப்ரவரி 12

"அப்படியானால் யார் குழப்பியது?" என்று மூன்று பேராவது கேட்டுவிட்டீர்கள்.

பெரும் பங்கு அமெரிக்க ராணுவத்துக்கு. அங்கே ஆஸ்பத்திரி உதவியாளர்களின் சட்டைக் கையில் 1851-லேயே கடூசியஸ் இருந்தது. 1871-ல் கடலோடிகளுக்கான அரசு மருத்துவச் சேவையும் நங்கூரத்தோடு கடூசியஸைச் சேர்த்து முத்திரை செய்துகொண்டது. அதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது, சிகிச்சை பெற்றவர்கள் வணிகக் கப்பலில் வேலை செய்தவர்கள், மெர்க்குரி வணிகத்தின் தெய்வம்.

பெரிய திருப்பம் 1902. கேப்டன் ஃபிரெடெரிக் ரெனால்ட்ஸ் என்ற ராணுவ மருத்துவர், மருத்துவப் பிரிவு முழுவதற்கும் கடூசியஸ் வேண்டும் என்று எழுதினார். தலைமை மருத்துவ அதிகாரி ஸ்டெர்ன்பெர்க் மறுத்துவிட்டார். இந்த ஸ்டெர்ன்பெர்க் பெரிய நுண்ணுயிரியல் அறிஞர், மஞ்சள் காய்ச்சலை ஆராய வால்ட்டர் ரீட் குழுவை கியூபாவுக்கு அனுப்பியவர். அவர் ஓய்வு பெற்றதும் பதவிக்கு வந்தவர் ஃபார்வுட். ரெனால்ட்ஸ் மறுபடி எழுதினார், ஃபார்வுட் சரி என்றார். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு இரண்டு உலகப் போர்களில் லட்சக்கணக்கான மருத்துவப் பணியாளர்கள் அந்தச் சின்னத்தைக் காலரில் குத்திக்கொண்டு போனார்கள். போர் முடிந்து வீடு திரும்பி மருத்துவமனை, மருந்துக் கம்பெனி, உபகரணக் கம்பெனி என்று தொடங்கியபோது கண்ணுக்குப் பழகியது அதுதானே.

இதற்கு முன்னாலும் ஒரு கிளை உண்டு. லண்டனில் ஜான் சர்ச்சில் என்ற பதிப்பாளர் 19-ஆம் நூற்றாண்டில் நிறைய மருத்துவப் புத்தகங்கள் போட்டார். அவருடைய பதிப்பு முத்திரை கடூசியஸ். அதற்கும் முன்னால், 16-ஆம் நூற்றாண்டிலேயே, பாசல் நகரத்தில் ஃப்ரோபென் அச்சகம் கடூசியஸைத் தன் அடையாளமாக வைத்திருந்தது. அச்சடிப்பவனுக்கு அது பொருத்தமே. செய்தியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிற தொழில், அதை விற்கிற தொழில். ஆனால் அந்தப் புத்தகங்கள் கடல் கடந்து அமெரிக்க டாக்டர்களின் அலமாரிக்குப் போனபோது, அட்டையில் இருப்பது பதிப்பாளரின் முத்திரையா மருத்துவத்தின் முத்திரையா என்று யார் பிரித்துப் பார்த்திருப்பார்கள்? என் தொழிலே இந்தக் குழப்பத்தில் ஒரு கை வைத்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிப்ரவரி 13

"அமெரிக்காவில் எல்லோருமே இரண்டு பாம்பு" என்று கீழே எழுதியவருக்கு: இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1910 முதல் ஒற்றைப் பாம்பு. அந்த நாட்டு விமானப்படையின் மருத்துவப் பிரிவும் ஒற்றைப் பாம்பு. கால்நடை மருத்துவச் சங்கம் நெடுங்காலம் கடூசியஸ் வைத்திருந்து 1971-ல் ஒற்றைப் பாம்புக்கு மாறியது.

வால்ட்டர் ஃபிரீட்லேண்டர் என்பவர் அமெரிக்க மருத்துவ அமைப்புகளின் 242 சின்னங்களைச் சேர்த்து எண்ணிப் பார்த்தார். தொழில்முறைச் சங்கங்களில் 62 சதவீதம் அஸ்க்ளெப்பியஸின் கோல். வணிக நிறுவனங்களில் 76 சதவீதம் கடூசியஸ். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வியாபாரம் செய்கிறவர்கள் தெரியாமலேயே வியாபாரத் தெய்வத்தின் கோலை எடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 13, மாலை

நம் ஊரில் எப்படிப் பரவியது என்று என் கடையிலிருந்து சொல்கிறேன். முன்பெல்லாம் கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் சிடியோடு கிளிப்ஆர்ட், அதாவது தயாராக வரைந்த படங்கள், வரும். மருத்துவம் என்ற பிரிவைத் திறந்தால் இறக்கையோடு இரண்டு பாம்பு ஜம்மென்று நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் லெட்டர் பேடில் நடுவில் வைத்தாலும் மூலையில் வைத்தாலும் எடுப்பாக இருக்கும். ஒற்றைப் பாம்பு ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும், சின்ன அளவில் அச்சடித்தால் பாம்பா கயிறா என்று சந்தேகம் வரும். வடிவமைக்கிறவனுக்கு இரண்டு பாம்பு வசதி, அதனால் அதுவே போகும். ஸ்டிக்கர் கடைக்காரரும் அதையே எடுப்பார், ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவரும் அதையே எடுப்பார். டாக்டர்கள் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்தில் புள்ளி விட்டுப் போயிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

ஒரே ஒருவர் திருப்பி அனுப்பினார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து கிளினிக் போட்ட வயதான சர்ஜன். புரூஃப் பார்த்தவர் தாளை என் பக்கம் தள்ளி, "தம்பி, இது வியாபாரி கோல். எனக்கு டாக்டர் கோல் போட்டுக் கொடுங்க" என்றார். எங்கள் ராணுவ மருத்துவப் பிரிவின் பேட்ஜைப் பாருங்கள் என்று பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார். அசோகச் சிங்கங்கள், இலை வளையம், நடுவில் கோலைச் சுற்றிய ஒற்றைப் பாம்பு. நான் தேட ஆரம்பித்தது அன்றைக்கு.

பிப்ரவரி 16

கோலில் இருப்பது பாம்பு இல்லை, நரம்புச் சிலந்தி நோயின் புழு என்று எழுதியவருக்கு நன்றி, இதைப் பற்றிப் பேச எனக்கு ஆசை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: குளம், படிக்கிணறு மாதிரி நீரில் இருக்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்ப்பூச்சிகளோடு இந்தப் புழுவின் குஞ்சு வயிற்றுக்குள் போகிறது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, பெரும்பாலும் காலில், எரிச்சலோடு ஒரு கொப்புளம் கிளம்பி உடைந்து, வெள்ளை நூல் மாதிரி புழு தலையை நீட்டும். ஒரு மீட்டர் வரைகூட நீளம் இருக்கும். பட்டென்று இழுத்தால் உள்ளே அறுந்து சீழ் பிடித்துவிடும். அதனால் ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் இழுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் காலை மறுபடி கிணற்றுத் தண்ணீரில் வைத்தால் புழு அங்கே குஞ்சுகளை விட்டுவிடும், சுற்று மறுபடி தொடங்கும்.

எங்கள் அப்பத்தாவுக்குக் கணுக்காலுக்கு மேலே ஒரு தழும்பு. சின்ன வயதில் வைத்தியர் குச்சியில் சுற்றி எடுத்தாராம். ராத்திரி புரண்டு படுக்கப் பயமாக இருக்கும், குச்சி இடித்துப் புழு அறுந்துவிடுமோ என்று, என்று சொல்லியிருக்கிறார்.

குச்சியில் சுற்றிய அந்தப் புழுதான் அஸ்க்ளெப்பியஸின் கோலில் இருக்கும் பாம்பு, பழைய காலத்து வைத்தியர்கள் "இங்கே புழு எடுக்கப்படும்" என்று படம் போட்டு வைத்ததிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து இருக்கிறது. பல மருத்துவப் பாடங்களிலும் சொல்வார்கள். அப்பத்தாவின் கால் எனக்கு ஞாபகம் இருப்பதால் இது உண்மையாக இருக்க வேண்டும் என்று மனசு ஆசைப்படுகிறது. எகிப்தின் ஏபெர்ஸ் பாப்பிரஸ், கிறிஸ்துவுக்கு 1,500 வருடத்துக்கு முந்தியது, அதிலேயே இந்தப் புழுவைச் சொல்கிறது என்று பலர் வாசிக்கிறார்கள்.

ஆனால் கிரேக்கச் சிற்பங்களைப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்கவில்லை. அங்கே இருப்பது தடித்த, செதில் உள்ள, நிஜப் பாம்பு. எனக்கு முடிவான சாட்சி, கிரேக்கத்தில் எபிடாரஸ் என்ற ஊரில் இருந்த அஸ்க்ளெப்பியஸ் கோயிலின் மூல விக்கிரகம். பொன்னும் தந்தமும் சேர்த்து திராசிமெடெஸ் என்ற சிற்பி செய்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் நேரில் பார்த்த பவுசானியாஸ் என்ற பயண எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார்: கடவுள் உட்கார்ந்திருக்கிறார், ஒரு கையில் கோல், இன்னொரு கை பாம்பின் தலைக்கு மேலே, பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது. அதாவது கோல் தனி, பாம்பு தனி. குச்சியில் சுற்றிய புழுவிலிருந்து வந்த சின்னமாக இருந்தால் அதன் தலைமைக் கோயிலிலேயே இரண்டையும் பிரித்து வைத்திருப்பார்களா?

பிப்ரவரி 16, சற்றுப் பின்

அந்த நோயைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல், ராஜஸ்தானில். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் நரம்புச் சிலந்தி ஒழிந்தது என்று சான்று கொடுத்தது. 1986-ல் உலகம் முழுக்க வருடத்துக்கு 35 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். 2023-ல் மொத்தம் 14 பேர். தடுப்பூசி கிடையாது, புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. துணியில் வடிகட்டிய தண்ணீர், மூடிய கிணறு, வீடு வீடாகப் போய்ச் சொன்ன பணியாளர்கள், பெரும்பாலும் இவ்வளவுதான் செய்த வேலை. அவர்களில் யாருடைய சட்டையில் எந்தப் பாம்பு இருந்ததோ, எனக்கு அவர்கள் எல்லோரும் அஸ்க்ளெப்பியஸின் ஆட்கள்.

பிப்ரவரி 18

மோசே வனாந்தரத்தில் கம்பத்தில் தூக்கிய வெண்கலச் சர்ப்பம்தான் இது என்று இரண்டு பேர். எண்ணாகமம் 21-ஆம் அதிகாரம், பாம்பு கடித்தவன் அதை நோக்கிப் பார்த்தால் பிழைப்பான். குணமாக்கும் பாம்பு, கம்பம், இரண்டும் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்தச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கியதால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டான் என்று இரண்டாம் ராஜாக்கள் 18-ல் இருக்கிறது. அந்த மரபு அதைத் தொடர்ந்து வணங்கவில்லை. அஸ்க்ளெப்பியஸின் கோலுக்கு கிரேக்கத்தில் தனி வழி, தனிக் கோயில்கள், பல நூறு வருடம் அறுபடாமல். மத்திய கிழக்கிலும் கிரேக்கத்திலும் பாம்பை உயிரோடும் குணத்தோடும் சேர்த்துப் பார்த்த பொதுவான எண்ணம் இருந்தது என்று சொல்லலாம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

பிப்ரவரி 21

சரி, ஏன் பாம்பு?

எல்லோரும் சொல்வது சட்டை உரிப்பது. இது இன்றைய ஆட்கள் கண்டுபிடித்த விளக்கம் இல்லை. முதல் நூற்றாண்டில் கோர்னூட்டஸ் என்ற தத்துவவாதி எழுதினார்: பாம்பு மூப்பைக் கழற்றிவிடுவது போல மருத்துவம் பெறுகிறவனும் புதிதாகிறான், கோல் எதற்கு என்றால், தாங்கல் இல்லாவிட்டால் நோயில் மறுபடி மறுபடி விழுவோம். கோலைப் பற்றி அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. பாம்பைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், கோலை யாரும் கவனிப்பதில்லை. சிற்பங்களில் அஸ்க்ளெப்பியஸ் அதை அக்குளில் அண்டக் கொடுத்துச் சாய்ந்து நிற்கிறான். நடந்து நடந்து அலுத்தவன் நிற்கிற மாதிரி. ஹெர்மெஸின் கோல் தரையில் ஊன்றுவதற்கே இல்லை, கையில் தூக்கிப் பிடிக்கிற அதிகார அடையாளம்.

ஆனால் இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. அந்தக் கோயில்களில் நிஜமாகவே பாம்புகள் இருந்தன. எபிடாரஸில் நோயாளிகள் குளித்து, காணிக்கை செலுத்தி, இரவில் ஒரு மண்டபத்தில் படுத்துத் தூங்குவார்கள். கனவில் கடவுள் வந்து குணமாக்குவார், அல்லது என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். 1881 முதல் அங்கே தோண்டிய கவ்வாதியாஸ் அந்தக் கற்களைக் கண்டெடுத்தார். ஒரு கல்லில், கால் விரலில் ஆறாத புண்ணோடு வந்தவனை வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள். அவன் தூங்கும்போது மண்டபத்திலிருந்து ஒரு பாம்பு வந்து நாக்கால் விரலை நக்கிக் குணமாக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. எழுந்தவன், அழகான ஒரு வாலிபன் விரலில் மருந்து போட்ட மாதிரி கனவு கண்டேன் என்கிறான்.

ஏதென்ஸிலிருந்து வந்த அம்ப்ரோசியா கதையும் அதே கல்வெட்டுத் தொகுதியில். ஒரு கண் பார்வை இல்லாதவள். கனவு கண்டால் நொண்டி நடப்பானாம், குருடன் பார்ப்பானாம் என்று கோயிலைச் சுற்றி வந்து சிரித்தாள். அன்றிரவே கனவில் கடவுள் வந்து, குணமாக்குகிறேன், ஆனால் உன் அறியாமைக்கு நினைவாக ஒரு வெள்ளிப் பன்றி செய்து வைக்க வேண்டும் என்றார். காலையில் பார்வையோடு போனாள். நம்பாதவளுக்கும் வைத்தியம் பார்த்தார் என்பதைக் கல்லில் வெட்டி வாசலில் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

அப்புறம் ரோம். கி.மு. 293-ல் கொள்ளைநோய். குறி நூல்களைப் பார்த்துவிட்டு எபிடாரஸுக்குத் தூது அனுப்பினார்கள். கோயில் பாம்பு தானாகவே கப்பலில் ஏறி வந்து, டைபர் ஆற்றில் நீந்தி நடுவில் இருக்கும் தீவில் இறங்கியது என்பது கதை. அந்தத் தீவில் கோயில் கட்டினார்கள். பிறகு தீவின் ஓரத்தையே கப்பல் மாதிரி கல்லால் கட்டினார்கள், அதில் செதுக்கிய கோலும் பாம்பும் தேய்ந்துபோய் இன்றும் இருக்கிறது. 1585 முதல் அதே தீவில் ஒரு ஆஸ்பத்திரி நடக்கிறது.

பிப்ரவரி 22

என்ன பாம்பு என்று கேட்டதற்கு: தெற்கு ஐரோப்பாவில் அஸ்க்ளெப்பியஸின் பெயரையே வைத்திருக்கும் ஒரு பாம்பு உண்டு. விஷம் இல்லை, ஒன்றரை மீட்டருக்கு மேல்கூட வளரும், எலி பிடிக்கும், மரம் ஏறுவதில் கெட்டி. கோலில் ஏறி நிற்பது அதற்கு இயல்பு. நம் சாரைப்பாம்போடு தூரத்து உறவு.

சாரை என்றதும் ஒன்று. வயல் வரப்பில் இரண்டு பாம்பு எழும்பிப் பின்னிக்கொண்டு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். சாரையும் நாகமும் பிணைகின்றன என்று வெள்ளைத் துணி போட்டு எடுத்து வீட்டில் வைப்பார்கள். நிஜத்தில் அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் சண்டை. கடிக்காமல், ஒன்றை ஒன்று தரையில் அமுக்கப் பார்க்கும். ஹெர்மெஸின் கோலுக்கு ஒரு கதை இருக்கிறது: சண்டை போட்ட இரண்டு பாம்புகளுக்கு நடுவில் கோலைப் போட்டான், அவை சண்டையை விட்டு அதில் சுற்றிக்கொண்டன, அதனால் அது சமாதானக் கோல். அந்தக் கதையைச் சொன்ன கிரேக்கன் வரப்பில் நின்று சரியாகப் பார்த்திருக்கிறான்.

மார்ச் 2

ஹெர்மெஸுக்கு நான் நியாயம் செய்யவில்லை என்று ஒரு நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அவர் சொல்வது: கடூசியஸ் ஏந்தி வருகிற தூதனைப் போர்க்களத்தில் யாரும் அடிக்கக் கூடாது, அது பழைய சட்டம். ராணுவ மருத்துவப் பணியாளர் சுடுகிறவர் இல்லை, சுடப்படக் கூடாதவர். அவருக்கு அது பொருத்தம்தானே? இதே வாதத்தை அமெரிக்க ராணுவ மருத்துவ நூலகத்தில் இருந்த மருத்துவ வரலாற்று ஆசிரியர் ஃபீல்டிங் கேரிசனும் வைத்தார்.

போர்க்களத்துக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலைக்கு 1864-லேயே ஜெனீவா உடன்படிக்கை செஞ்சிலுவையைக் கொடுத்துவிட்டது. வாடகைக் கட்டிடத்தில் நடக்கும் மகப்பேறு மருத்துவமனைக்குச் சமாதானத் தூதனின் கோல் எதற்கு?

மார்ச் 3

செஞ்சிலுவை பற்றி, கேட்பதற்கு முன்னாலேயே: டாக்டர்கள் காரில் சிவப்புச் சிலுவை ஒட்டுவது சட்டப்படி தப்பு. இந்தியாவில் 1960-ஆம் வருடத்து ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் அதைத் தடை செய்கிறது. அந்தச் சின்னம் போரில் காயம்பட்டவர்களுக்கு உதவுகிறவர்களின் பாதுகாப்புக்கானது. கண்ட இடத்தில் ஒட்டினால் அதன் மதிப்பு குறையும், குறைந்தால் எங்கோ ஒரு போர்முனையில் ஒரு உயிர் போகும். எங்கள் கடைக்கு வந்து கேட்டால் நான் போட்டுக் கொடுப்பதில்லை, காரணமும் சொல்லிவிடுவேன்.

108 வண்டியின் நீல நட்சத்திரம் பிறந்ததும் இதனால்தான். அமெரிக்க ஆம்புலன்ஸ்களில் சிலுவை மாதிரி ஒன்றைப் போட்டார்கள், செஞ்சிலுவைச் சங்கம் ஆட்சேபம் சொன்னது. அதனால் 1973-ல் லியோ ஷ்வார்ட்ஸ் ஆறு கைகள் உள்ள நட்சத்திரத்தை வரைந்து நடுவில் அஸ்க்ளெப்பியஸின் கோலை வைத்தார். ஆறு கையும் ஆறு வேலை: கண்டறிதல், தகவல் சொல்லுதல், விரைந்து போதல், அங்கேயே பார்க்கும் சிகிச்சை, வழியில் சிகிச்சை, ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தல்.

மார்ச் 9

இதுவரை எழுதியதை முதலிலிருந்து படித்தேன். ஒற்றைப் பாம்பு சேவை, இரட்டைப் பாம்பு வியாபாரம் என்று இரண்டு தட்டில் வைத்துப் பேசியிருக்கிறேன். நீங்களும் அதையே பிடித்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரி பில்களைப் பற்றி எழுதுகிறீர்கள். பில் பற்றிய கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அஸ்க்ளெப்பியஸின் கதையே அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

அவன் ஏன் செத்தான் என்றால், செத்தவனை எழுப்பியதால். கைரோன் என்ற குதிரை உடல் ஆசானிடம் வைத்தியம் கற்று, கடைசியில் மரணத்தையே திருப்பிவிட்டான். தேவர்களின் தலைவன் ஜீயஸ் இடியால் அடித்துக் கொன்றான். பெரும்பாலும் இதை அளவு மீறிய கருணையின் கதையாகத்தான் சொல்வார்கள். ஆனால் கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பிண்டார் ஒரு பாட்டில் வேறு மாதிரி சொல்கிறார். கையில் மின்னிய தங்கத்துக்கு ஆசைப்பட்டுத்தான் அஸ்க்ளெப்பியஸ் செத்தவனை எழுப்பினானாம். ஃபீஸ் வாங்கினானாம்!

பிளேட்டோவுக்கு இது பொறுக்கவில்லை. கடவுளின் மகன் என்றால் பேராசைப்பட்டிருக்க மாட்டான், பேராசைப்பட்டான் என்றால் கடவுளின் மகனே இல்லை என்று சாக்ரட்டீஸின் வாயில் வைத்து எழுதினார். ஆக 2,400 வருடத்துக்கு முன்னாலேயே, மருத்துவனின் கையில் பணம் வரலாமா என்று மருத்துவக் கடவுளை வைத்தே சண்டை போட்டிருக்கிறார்கள்.

எபிடாரஸிலும் காணிக்கை உண்டு, வெள்ளிப் பன்றி கேட்டதை மேலேயே எழுதினேன். இன்னொன்றும் பவுசானியாஸ் சொல்கிறார்: கோயில் எல்லைக்குள் யாரும் சாகக் கூடாது, பிரசவமும் ஆகக் கூடாது. சாகக் கிடக்கிறவர்களும் பிரசவ வலி எடுத்தவர்களும் வெளியே வெட்டவெளியில் கிடந்தார்கள். அன்டோனினஸ் என்ற ரோமச் செனட்டர் அவர்களுக்காக ஒரு கட்டிடம் கட்டிய பிறகுதான் அந்த அவலம் தீர்ந்தது. மிகவும் மோசமான நிலையில் இருக்கிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற ஆஸ்பத்திரியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். என் மாமாவை ஒரு நள்ளிரவில் அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். எந்த இடம் என்று எழுதவில்லை. அங்கே போர்டில் இருந்தது ஒற்றைப் பாம்பு, சரியான சின்னம்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். ஒற்றைப் பாம்புக் கோலுக்குப் பின்னால் மருத்துவத்தின் கேள்விகள் எல்லாமே இருக்கின்றன: யாரை உள்ளே விடுவது, எவ்வளவு வாங்குவது, எந்த இடத்தில் நிறுத்துவது. கடூசியஸுக்குப் பின்னால் இதில் ஒன்றுகூட இல்லை. எனக்குக் காரணம் இதுதான். முதல் நாள் இவ்வளவு தெளிவாக எனக்கே தெரிந்திருக்கவில்லை, எழுத எழுத வந்தது.

மார்ச் 11

கிளினிக் போர்டுக்கு எப்படி வரைவது என்று கேட்ட டாக்டரம்மாவுக்கு:

கோல் வழவழப்பாக இருக்க வேண்டாம், பழைய சிற்பங்களில் அது கணுக்கள் உள்ள மரக்கிளை. உச்சியில் உருண்டையோ இறக்கையோ வேண்டாம். பாம்பு ஒன்று, கீழிருந்து மேலே ஏற வேண்டும், தலை கோலின் உச்சிக்குப் பக்கத்தில். எத்தனை சுற்று என்று கட்டாயம் கிடையாது, சின்ன அளவில் அச்சாகும் என்றால் இரண்டு அல்லது மூன்று சுற்று போதும், அதற்கு மேல் போனால் மை இழுகி ஒட்டிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் படத்தை அப்படியே எடுக்காதீர்கள், அது அவர்களுடைய முத்திரை, அனுமதி வேண்டும். நீல நட்சத்திரத்தையும் விட்டுவிடுங்கள், அது அவசர ஊர்திச் சேவைக்கு உரியது. ஒற்றைக் கோலை மட்டும் யார் வேண்டுமானாலும் வரையலாம். டைப் செய்யும்போது வேண்டும் என்றால் யூனிகோடிலேயே 2005 முதல் அது தனி எழுத்தாக இருக்கிறது. கடூசியஸ் அதற்குப் பல வருடம் முன்பே வந்துவிட்டது, அதனால் தேடும்போது முதலில் அது வந்து நிற்கும், பார்த்து எடுங்கள்.

பச்சை நிறமா சிவப்பா என்றும் கேட்டிருந்தீர்கள். சிவப்பு வேண்டாம், தூரத்திலிருந்து சிலுவை மாதிரி தெரியும். கரும்பச்சை அல்லது நீலம் போடுங்கள்.